கற்பனை நாட்டில் ஆறு மலை ஏறுமா?

பென்னாகரத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் சென்ற மாதம் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினான். அண்ணனுடைய கைப்பேசியில் அவனே உருவாக்கியது. பழுப்பேறிய பழந்தாள் போன்ற பின்னணி. ஓரங்களில் அலையடிக்கும் கடல். நடுவே வரிசை வரிசையாக மலைகள். அவற்றுள் உயரமான மலையின் உச்சியில் ஒரு கோட்டை, அதுதான் தலைநகரம். வலப்பக்கக் கடலோரம் தொடங்கிய ஓர் ஆறு காட்டைச் சுற்றி, மலைத்தொடரைக் குறுக்கே கடந்து, கோட்டை வாசலைத் தொட்டுக்கொண்டு, இடப்பக்கக் கடலில் போய்ச் சேர்ந்தது. அச்சிட்டுச் சுவரில் மாட்டலாம் போல அத்தனை அழகு.

“இந்த ஆறு எந்தப் பக்கமாக ஓடுகிறது, தம்பி?” என்று கேட்டேன்.

விரலை வலமிருந்து இடமாக நகர்த்தினான். சற்று யோசித்துவிட்டு இடமிருந்து வலமாக நகர்த்தினான். இரண்டு பக்கமும் கடல், நடுவே மலை. எந்தப் பக்கம் போனாலும் பாதி வழி ஏற்றம்.

“ஏன் சார், கற்பனை நாடுதானே? அங்கே ஆறு மலை ஏறினால் என்ன?” என்றான்.

நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்லத்தான் இந்தக் கட்டுரை. “வெட்டி வேலையை விட்டுவிட்டுப் பாடத்தைப் படி” என்று சொல்லியிருந்தால் எனக்கு வேலை மிச்சமாகியிருக்கும். ஆனால் அது வெட்டி வேலை என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆற்றை அப்படியே விட்டுவிடலாம் என்றும் நினைக்கவில்லை.

முதலில், இவ்வரைபடங்கள் எதற்காக என்று தெரியாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவர் வீரர், ஒருவர் மருத்துவச்சி, ஒருவர் திருடன். இன்னொருவர் கதையை நடத்துவார். “உங்கள் முன்னால் இரண்டு பாதைகள் பிரிகின்றன; எதில் போகிறீர்கள்?” என்று அவர் கேட்பார். மற்றவர்கள் கலந்து பேசி முடிவு செய்வார்கள். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை சொல்லும். நம் பரமபதத்தில் பாம்பும் ஏணியும் முன்பே வரையப்பட்டிருக்கும். நாம் காயை நகர்த்துவதோடு சரி. இவ்விளையாட்டில் பலகையே கிடையாது; போகப் போகத்தான் உலகம் விரியும். அமெரிக்காவில் கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974இல் வெளியிட்ட ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் தாய். அதில் நாடுகாண் பயணத்துக்கு, 1972இல் வெளிவந்த வேறொரு விளையாட்டின் அறுகோணக் கட்டங்கள் போட்ட பலகையை வாங்கி வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தார்கள். சதுரக் கட்டத்தில் மூலைவாட்டில் நகர்ந்தால் தூரம் கூடிவிடும். அறுகோணத்தில் ஆறு பக்கமும் ஒரே தூரம். சின்ன விஷயந்தான், ஆனால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

ஆகவே கதையை நடத்துபவரிடம் ஒரு நாட்டின் வரைபடம் இருந்தே தீரவேண்டும். கற்பனைக் கதைக்கு முன்னால் வரைபடம் பிறப்பது புதிதும் அன்று. ஆர். எல். ஸ்டீவன்சன் 1881இல் ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணம் தீட்டிய பிறகுதான் ‘புதையல் தீவு’ கதை அவர் மனத்தில் உருவாயிற்று. அந்த மூலப்படம் பதிப்பகத்துக்குப் போன வழியில் தொலைந்துபோனது. அவர் தம் கதையையே மறுபடி படித்து, அதில் சொன்ன ஒவ்வொரு திசைக்கும் தூரத்துக்கும் பொருந்துமாறு இன்னொரு படம் வரையவேண்டியதாயிற்று. முதல் படத்திலிருந்து கதை. கதையிலிருந்து இரண்டாம் படம்! எது கடினம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அன்று பேனாவும் தூரிகையும் செய்த வேலையை இன்று மென்பொருள்கள் செய்கின்றன. 1993இல் வந்த ‘கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபர்’ இவற்றில் மூத்தது. பொறியாளர்கள் கட்டட வரைபடம் போடும் முறையிலேயே அதில் நாடுகளை வரையலாம். இப்போது ‘இன்கார்னேட்’, ‘வொண்டர்டிராஃப்ட்’ போன்றவை பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றில் மலை, மரம், கோட்டை எல்லாம் முத்திரைகளாக இருக்கின்றன. தபால் நிலையத்தில் முத்திரை குத்துவதுபோல வேண்டிய இடத்தில் குத்திக்கொண்டே போகலாம். ஆறு என்பது நீல நிறக் கோடு. விரலை இழுத்த இழுப்புக்கு வரும். நம் மாணவன் பயன்படுத்தியதும் இந்த வகைதான். அவன்மீது குற்றமில்லை. மென்பொருள் அவனை எதுவுமே கேட்கவில்லை.

இன்னொரு வகை உண்டு. அது கேள்வி கேட்கும். சரியாகச் சொன்னால், உங்களிடமிருந்து ஆற்றை வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்று சொல்லிவிடும். உயரத்தை மட்டும் கொடு, ஆற்றை நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்னும். மார்ட்டின் ஓ’லியரி என்ற பனிப்பாறை ஆய்வாளர் 2016இல் இவ்வழியில் கற்பனை நாடுகளை உருவாக்கும் முறையை விளக்கி எழுதினார். அவரும் அவருக்கு முன் 2010இல் அமித் பட்டேல் என்பவரும் காட்டிய வழியைப் பின்பற்றி உருவான ‘அஸ்கார்’ என்னும் வரைபட ஆக்கி இன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதன் கட்டளைத் தொடர் முழுவதையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். அதற்குள் நடப்பதைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். இங்கேதான் நம் கேள்விக்கான திறவுகோல் இருக்கிறது.

நாட்டின் பரப்பு முழுவதும் ஆயிரக்கணக்கான புள்ளிகள் தூவப்படுகின்றன. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அதற்கு மிக அருகில் உள்ள நிலம் அதற்குச் சொந்தம் என்று எல்லை வகுக்கப்படுகிறது. உங்கள் வட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுக்கு மிகப் பக்கத்திலுள்ள பள்ளிக்குத்தான் போகவேண்டும் என்று சட்டம் போட்டால் பள்ளிகளின் எல்லைகள் எப்படி அமையுமோ, அப்படி அமையும் பலகோணங்கள் இவை. வொரோனாய் என்ற கணித அறிஞரின் பெயரால் இவை வழங்குகின்றன. ஒவ்வொரு பலகோணத்துக்கும் ஓர் உயரம் தரப்படுகிறது. பிறகு காற்று வீசுகிறது. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்று மலையில் ஏறும்போது மழையைக் கொட்டுகிறது. மலைக்கு மறுபுறம் வறண்டுபோகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே தென்மேற்குப் பருவக்காற்று நமக்குச் செய்வது இதைத்தான். பெய்த மழை ஒவ்வொரு பலகோணத்திலிருந்தும் தன்னைவிடத் தாழ்ந்த அண்டைப் பலகோணத்துக்கு இறங்குகிறது. இறங்க இறங்கச் சேருகிறது. சேர்ந்த நீர் ஓர் அளவைத் தாண்டியதும் அங்கே நீலக்கோடு தோன்றுகிறது. ஆறு என்பது யாரும் வரைந்ததன்று; கணக்கின் விடை!

இதைச் செய்ய கணிப்பொறிகூட வேண்டியதில்லை. ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தின் உயரம் 52 மீட்டர் என்று வையுங்கள். அதைச் சுற்றி எட்டுக் கட்டங்கள். நேர் தெற்கே உள்ளது 49. தென்கிழக்கு மூலையில் உள்ளது 48. மற்ற ஆறும் 52க்கு மேல். நீர் எங்கே போகும்? 48தான் மிகத் தாழ்வு, அங்கேதான் போகும் என்று கையைத் தூக்காதீர்கள். மூலைக் கட்டம் சற்றுத் தொலைவில் இருக்கிறது அல்லவா? நேர்க் கட்டத்தின் தூரம் 1 என்றால் மூலைக் கட்டத்தின் தூரம் 2இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 1.41. தெற்கே சரிவு 3 வகுத்தல் 1, அதாவது 3. மூலையில் சரிவு 4 வகுத்தல் 1.41, அதாவது சுமார் 2.8. எனவே நீர் 49ஐ நோக்கித்தான் போகும். தாழ்ந்த இடத்தைத் தேடுவதாக நாம் நினைக்கும் நீர் உண்மையில் செங்குத்தான சரிவையே தேடுகிறது. உண்மையான நிலத்தின் உயர அளவுகளிலிருந்து ஓடைகளைக் கண்டறியும் இம்முறை 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் பரவிற்று. இன்றும் வெள்ளக் கணக்குப் போடுபவர்கள் இதில் தொடங்குகிறார்கள். ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டும் உயரமாக இருந்துவிட்டால்? நீர் தேங்கி, கரை வழியும் வரை மேலேறி, மிகத் தாழ்ந்த வாயிலின் வழியே வெளியேறும். ஏரி பிறந்துவிட்டது. அதற்கு ஏன் பெரும்பாலும் ஒரே ஒரு வெளிவாய் என்பதும் இப்போது விளங்கும். இரண்டு வாய்கள் அணுவளவும் பிசகாமல் ஒரே உயரத்தில் இருப்பது அரிது. இருந்தாலும், சிறிது அதிகமாக அரிக்கப்பட்ட வாய் மற்றதன் நீரையும் இழுத்துக்கொள்ளும்.

மாணவனுக்கு இவ்வளவையும் சொன்னேன். அவன் விடுவதாக இல்லை. “ஒகேனக்கல்லில் காவிரி பல கிளையாகப் பிரிகிறதே சார்! நீர் சேரத்தான் செய்யும், பிரியாது என்றால் அது எப்படி?” என்றான்.

பென்னாகரத்துப் பிள்ளை அல்லவா, ஒகேனக்கல்லைக் கொண்டுவராமல் இருப்பானா! அவன் சொன்னது உண்மை. அங்கே காவிரி கடினமான பாறைகளுக்கிடையே பல கால்களாகப் பிரிந்து விழுகிறது. ஆனால் பரிசலில் சற்றுக் கீழே போய்ப் பாருங்கள். பிரிந்தவை எல்லாம் மறுபடி ஒரே ஆறாகிவிடும். பாறை தடுத்ததால் விலகினவே தவிர, தனித்தனி ஆறுகளாகப் போய்விடவில்லை. கர்நாடகத்தில் சிவசமுத்திரத்திலும் இதே கதைதான். உண்மையாகப் பிரிந்து போகும் இடம் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு. அங்கே கொள்ளிடம் தனி வழி போகிறது. திருவரங்கத்தைத் தாண்டிய பிறகு இரண்டும் மறுபடி நெருங்கினாலும், சமவெளியில் காவிரி மேலும் மேலும் பிரிந்து டெல்டாவை உண்டாக்குகிறது. சரிவு குறைந்து, ஆறு தன் வண்டலைத் தானே கொட்டி, தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும் தட்டையான நிலத்தில்தான் இப்படி நடக்கும். மலைநாட்டில் ஓர் ஆறு இரண்டாகி இரண்டு வெவ்வேறு ஆறுகளோடு சேர்வது மிக மிக அபூர்வம். தென்னமெரிக்காவில் ஒரினோகோ ஆற்றிலிருந்து பிரிந்து அமேசானின் கிளையாறு ஒன்றோடு கலக்கும் காசிகியாரே உலகப் புகழ் பெற்றதே அந்த அபூர்வத்தினால்தான்; அதுவும் தாழ்ந்த சமவெளியில் ஓடுவது. கற்பனை வரைபடங்களிலோ பக்கத்துக்கு மூன்று காசிகியாரே!

சரி, தவறாக வரைந்தால்தான் என்ன நட்டம்? விளையாட்டு பூகோளத் தேர்வு இல்லையே என்று சிலர் சொல்வார்கள். இந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. கதைக்காக வரையும் படத்தில் கதைதான் முதலில். முத்திரை குத்தும் மென்பொருளில் அரை மணி நேரத்தில் ஒரு தீவைப் படைத்து, மாலையில் நண்பர்களோடு விளையாடி மகிழ்வதில் ஒரு தவறும் இல்லை. நீரை மலையேறச் செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. தெரிந்து செய்யவேண்டும். “என் நாட்டில் நீர் உயரத்தை நோக்கி ஓடும்” என்று ஒரு விதியை மாற்றுங்கள். மாற்றியபின் அந்த விதியின் விளைவுகளை விடாமல் தொடருங்கள். அப்படியானால் அந்நாட்டில் கடல் எங்கே இருக்கும்? மலை உச்சியிலா? கிணறு எங்கே தோண்டுவார்கள்? ஏழைகள் வாழும் வறண்ட இடம் எது, பள்ளத்தாக்கா? பார்த்தீர்களா, ஒரு விதியை மாற்றியதும் நூறு கதைகள் வரிசையில் நிற்கின்றன. கற்பனை என்று நான் சொல்வது இதைத்தான். எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாமல் இழுத்த நீலக்கோட்டில் ஒரு கதையும் இல்லை.

நீரை நம் உலகில் போலவே ஓடவிட்டால் கதை குறைந்துவிடுமா? பென்னாகரத்தையே பாருங்கள். தருமபுரி மாவட்டத்து வரைபடத்தில் பென்னாகரத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையே ஒரு விரற்கடைதான் இடைவெளி. சாலை வழியே சுமார் 16 கிலோமீட்டர். கற்பனை நாட்டில் இப்படி ஓர் ஊரை வைத்தால், ‘பேராற்றங்கரை நகரம், நீர்வளம் மிக்கது’ என்று பக்கத்தில் எழுதிவிடுவோம். ஆனால் அந்தச் சாலையில் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும்: காட்டுக்குள் நுழைந்ததும் மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டே போகும். ஆறு ஊருக்குக் கீழே 200 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. வரைபடத்தில் காணாத இந்த உயரந்தான் ஊரின் தலையெழுத்தை எழுதிற்று. கண்ணெட்டும் தூரத்தில் காவிரி ஓட, பல தலைமுறைகள் கிணற்று நீரையும், பின்னாளில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் நம்பியிருந்தார்கள். இங்குள்ள கருங்கல் வகைப் பாறைகளின் தாதுக்களில் ஃப்ளூரின் இருக்கிறது. மழை குறைந்த நிலத்தில் நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி ஃப்ளூரைடைக் கரைத்துக்கொள்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அளவு மீறினால் பற்களில் பழுப்புக் கறை படியும். மேலும் மீறி நெடுங்காலம் குடித்தால் எலும்புகளே வளையும். மாவட்டத்தின் பல ஊர்களில் இந்தக் கறை படிந்த பற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலருக்கே இருக்கலாம். அது பல் துலக்காததால் வந்ததன்று.

ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆற்று நீரைச் சுத்திகரித்து, மேட்டிலுள்ள மடம் என்னும் ஊரின் பெரிய தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாய்களில் அனுப்புகிறார்கள். ஏற்றுவதற்கு என்ன செலவு? கணக்குப் போடுங்கள். 1,000 லிட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். அதை 200 மீட்டர் உயர்த்த வேண்டிய ஆற்றல் 1,000 பெருக்கல் 9.8 பெருக்கல் 200. அதாவது 19,60,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36,00,000 ஜூல். ஆக, ஆயிரம் லிட்டருக்கு அரை யூனிட்டுக்கும் சற்று மேல். குழாயின் உராய்வையும் எந்திரத்தின் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆறு மலை ஏறும், நண்பர்களே. ஆனால் கட்டணம் கேட்கும்.

இந்த இடத்தில் கணக்கிடும் மென்பொருளையும் குறை சொல்லவேண்டியிருக்கிறது. அதற்கு உயரம் தெரியும், காற்று தெரியும். தரைக்குக் கீழே என்ன பாறை, அதில் என்ன கரைகிறது என்பது தெரியாது. ஊர்களை ஆற்றங்கரையிலும் துறைமுகத்திலும் வைக்கும். ஏரி வெட்டி வாழும் ஊரை, கிணறு வெட்டி வாழும் ஊரை அது எண்ணிப் பார்ப்பதில்லை. இவற்றை ஆக்கியவர்கள் மழைவளம் மிக்க குளிர் நாடுகளின் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் என்பது பல முத்திரைகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஊசியிலை மரம் ஏராளம், புளியமரம் இல்லை. பனிமூடிய சிகரம் உண்டு. கரடும் கணவாயும் ஏரிக்கரையும் மதகும் இல்லை. நம் மாணவர்கள் அந்த முத்திரைகளையே குத்திக் குத்தி, தாம் ஒருநாளும் பார்த்திராத நாட்டையே கற்பனை என்று எண்ணிக்கொள்கிறார்கள். என் மனக்குறை இதுதான். மாவட்டத்தில் நாட்டுக் கதைக்குத் தேவையான எல்லாமே கண்முன் கிடக்கின்றன. நீர்பிரி மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பென்னாகரம் பக்கம் பெய்யும் மழை காவிரியில் இறங்கித் தஞ்சைத் தரணிக்குப் போகிறது. அரூர்ப் பக்கம் பெய்யும் மழையோ தென்பெண்ணையில் சேர்ந்து கடலூர்ப் பக்கம் கடலில் விழுகிறது. இடையிலுள்ள மேட்டில் அடுத்தடுத்து விழுந்த இரண்டு துளிகள் கடலை அடையும்போது ஒன்றுக்கொன்று எத்தனை தொலைவு! எல்லைப் பிரச்சினை வேண்டுமா? ஒகேனக்கல்லில் ஆற்றின் அக்கரை கர்நாடகம். சற்று மேலே உள்ள பிலிகுண்டுலுவில் ஆற்று நீரை நாள்தோறும் அளக்கிறார்கள். ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் அங்கே வந்து சேரவேண்டும் என்று 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு நாட்டு அரசர்கள் ஒரு அளவுகோலைச் சுற்றி நின்று வாதிடும் காட்சியை எந்த டிராகன் தோற்கடிக்கும்?

ஆகையால் என் யோசனை இது. கற்பனை நாட்டை வரையுங்கள், மென்பொருளில் வரையுங்கள், ஆனால் ஒருமுறையாவது அதே வித்தையைச் சொந்த நாட்டின்மீது ஏவிப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி வந்து ரேடார் மூலம் நிலப்பரப்பில் பெரும்பகுதியின் உயரத்தை அளந்தது. அந்த அளவுகள் இன்று இலவசம். ‘கியூஜிஸ்’ என்ற மென்பொருளும் இலவசம். பள்ளியில் ஒரு கணிப்பொறி இருந்தால் போதும். பென்னாகரம் வட்டத்தின் உயர அளவுகளை அதில் இட்டு, சற்றுமுன் கட்டம் போட்ட தாளில் செய்த அதே கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். யாரும் ஆற்றின் பெயரைச் சொல்லாமலே திரையில் நீலக்கோடுகள் முளைக்கும். பஞ்சப்பள்ளி, பாலக்கோடு வழியாக வந்து ஒகேனக்கல் அருகே காவிரியில் கலக்கும் சின்னாறு, தானே வந்து நிற்கும். முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. மாணவன், “இது கள்ளாட்டம் இல்லையே சார்?” என்று கேட்டான்.

ஓரிடத்தில் மட்டும் கணக்கு தோற்றுப்போனது. கோடு மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள் நுழைந்ததும் வளைவு நெளிவு எல்லாம் போய், அடிமட்டம் வைத்து இழுத்தாற்போல நேராக ஓடிற்று. காரணம் எளிது. ரேடார் கண்டது நீரின் மேற்பரப்பை; நீர்ப்பரப்பில் சரிவு இல்லை; சரிவு இல்லாத இடத்தில் இந்தக் கணக்குக்குக் கண் தெரியாது. 1934இல் அணை கட்டி முடிக்கப்படுவதற்கு முன் காவிரி ஓடிய பழைய வழி நீருக்கடியில் இருக்கிறது. நாகமரைப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், எதிர்க்கரைப் பண்ணவாடியில் மூழ்கிய கோயிலையும் மாதா கோயில் கோபுரத்தையும் பற்றிச் சொல்வார்கள். அணையில் நீர் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் கோயிலின் பெரிய நந்தி தலைகாட்டும். கணிப்பொறிக்குத் தெரியாத ஆற்றுவழியை அறிய, அவர்களோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசவேண்டும். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துப்போனால் போதும்.

மாணவன் தன் கற்பனை நாட்டைத் திருத்திக்கொண்டு போன வாரம் வந்தான். ஆற்றைப் பள்ளத்தாக்குக்கு இறக்கிவிட்டான். தலைநகரத்தை மட்டும் இறக்க மறுத்துவிட்டான். கோட்டை மலைமேல்தான் இருக்கவேண்டுமாம். உயரம் பென்னாகரத்தைப் போலவே 200 மீட்டர். அங்கே மின்சாரம் கிடையாது. எனவே மலைச்சரிவில் படிப்படியாகத் தொட்டிகள் கட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்து, ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு நீரை ஏற்றுவதாக வரைந்திருந்தான். எத்தனை மாடுகள் வேண்டும் என்று இருவரும் கணக்குப் போட்டோம். தலைநகரத்தில் 10,000 பேர். ஆளுக்கு 40 லிட்டர். நாளொன்றுக்கு 4,00,000 லிட்டர். ஒரு மாடு அரைக் குதிரைத்திறன் அளவுக்கு உழைக்கும் என்று கொண்டால், ஆயிரம் லிட்டரை ஏற்ற ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நாளுக்கு ஆறு மணி நேர வேலை என்றால் சுமார் 100 மாடுகள். வழியில் சிந்துவதும் கசிவதும் பாதி என்று வைத்தால் 200.

அவன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “இருநூறு மாட்டுக்கும் மலைமேல் புல்லுக்கு எங்கே சார் போவது?” என்றான். மேய்ச்சல் நிலம் தேடிப் படத்தை மறுபடி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.